“தோலை உரிச்சிடுங்க சார்!”: அடிக்கக் கூடாதுன்னா, வேற என்ன செய்யலாம்?

இந்த எபிசோடை ஒரு வசனத்தோட ஆரம்பிக்கிறேன். உங்கள்ல பாதிப் பேர் இதைக் கேட்டிருப்பீங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது அப்பாவோ தாத்தாவோ வாத்தியார்கிட்ட சொல்லுவாங்க: “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்.”

நான் ஆம்பூர்க்காரன். எங்க ஊர்ல தோல் உரிக்கிறதும் பதப்படுத்துறதும் நிஜமான தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாற்றுப் படுகையில இருக்கிற ஊர்கள் எல்லாம் தோல் ஷாப்பையும் ஷூ கம்பெனியையும் நம்பி வாழுற ஊர்கள். அங்க இந்த வசனத்தைச் சொன்னா ஒரு பையனுக்குக் காட்சியாவே கண் முன்னாடி வரும். எனக்கு வந்திருக்கு.

நான் ஏழாவதுல கிளாஸ் லீடர். வாத்தியார் வெளியே போனா போர்டுல “பேசியவர்கள்”னு தலைப்புப் போட்டு பேர் எழுதணும். திரும்பப் பேசினா பேருக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி. கடைசி பெஞ்சுல ஒரு பையன், பேர் வேண்டாம், நண்பன்னு வச்சுக்குவோம். அவன் பேர் தினமும் இருக்கும். பெருக்கல் குறி எத்தனையோ அத்தனை அடி. ஒன்பதாவது முடியும்போது “பத்தாவதுல ரிசல்ட் கெடும், டி.சி. வாங்கிக்கோ”ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மறுவாரம் அவன் ஷூ கம்பெனி பஸ்ல ஏறினான். நான் இன்ஜினியரிங் படிச்சு, கோட் எழுதுற வேலைக்கு வந்தேன். நான் போட்ட அந்தப் பெருக்கல் குறிகள் மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

போன வருஷம் செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சித்திக்கு வாழ்த்துச் சொல்ல போன் பண்ணேன். சித்தி எங்க பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஆசிரியர். வாழ்த்தைக் காதுலயே வாங்காம ஆரம்பிச்சிட்டாங்க. “டேய், அஞ்சாவதுல ஒரு பையன். லேட்டா வரான், நோட்டு எடுக்க மாட்டேங்கிறான், பக்கத்துல இருக்கிறவனைக் கிள்றான். அடிக்கக் கூடாது, சரி, நானும் அடிக்கிறவ இல்ல. ஃபெயில் பண்ணவும் கூடாது. அப்ப இன்னா பண்றது, நீயே சொல்லு.”

எனக்குப் பதில் தெரியலை. தேட ஆரம்பிச்சேன். தேடினா, அந்தக் கேள்விக்கான ரொம்ப முக்கியமான ஒரு பதில் எங்க வேலூர்ப் பக்கத்துலயே ஒரு காலத்துல முளைச்சிருக்கு. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம்.

நம்ம திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பெரிய மாணவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அங்கே தண்டனைகளும் கடுமையாக இருந்தன. பிரம்படி, தோப்புக்கரணம் தாண்டி ‘கோதண்டம்’ என்று ஒன்று உண்டு. கையைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது. “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியை அப்படியே பாடத்திட்டமாக வைத்திருந்தார்கள்.

1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள், எதற்கும் லாயக்கில்லாதவர்கள் என்று பார்த்த காலம் அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பெல் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நடந்தது. பிறகு பள்ளி முழுவதுமே பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறைக்கு மாறியது.

அவர் அடியையும் குறைக்கப் பார்த்தார். தவறுகளை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை மாணவர்களையே நடுவர்களாக உட்கார வைத்து விசாரித்தார். ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரிலேயே பரவியது. ஆமாங்க, நம்ம சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனார்!

அதைப் புனிதப்படுத்த வேண்டாம். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாக நடத்தும் வழியாகத்தான் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். மனப்பாடம் மட்டும் மிஞ்சிய பள்ளிகள் நிறைய. ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. சட்டாம்பிள்ளை பாடம் சொல்லிக் கொடுத்தான். நான் லீடரா இருந்தப்போ பேர் மட்டும்தான் எழுதினேன். இருநூறு வருஷத்துல அந்தப் பதவியில இருந்த நல்லதை எல்லாம் விட்டுட்டு, போட்டுக் கொடுக்கிற வேலையை மட்டும் வச்சிக்கிட்டோம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆவது விதி, குறிப்பிட்ட தவறுகளுக்கு மாணவர்களை அடிக்க இடம் கொடுத்தது. 2003-ல்தான் அது திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடியை மட்டுமல்லாமல் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, உடல் தண்டனையை ஒழிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றச் சொல்லி பள்ளிக் கல்வித் துறை மறுபடி அறிவுறுத்தியது.

இதெல்லாம் தேவையான சட்டங்கள். இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா இவை எல்லாம் ஆசிரியர் என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லுது. நாற்பது பேர் இருக்கிற வகுப்புல, கிள்ளுற பையனை வச்சிக்கிட்டு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்யணும்னு சட்டத்தால சொல்ல முடியாது. சித்தி கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

இப்ப 1990-கள். அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு அதுவே வேலூர் மாவட்டம். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்குத் தோல் மட்டும்தான் தெரியும். அதே ஊர்களில், அதே தெருக்களில் இன்னொரு தொழிலும் இருந்தது: பீடி. பெரியவர்கள் இலை வெட்டிச் சுருட்டுவார்கள். சின்ன விரல்கள் முனை மடக்கும், நூல் சுற்றும். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதற்குப் பிணையாகப் பிள்ளை போய் உட்காரும். கூலியில் அசல் கழியவே கழியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகளை வைத்து நடத்தக் கூடாத தொழில்முறைகளைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் பீடி. தோல் பதனிடுதலும் அதே பட்டியலில் இருந்தது. எங்க ஊரோட ரெண்டு தொழிலும் ஒரே பட்டியல்ல!

1996 எங்கள் பகுதிக்கு முக்கியமான வருடம். அந்த ஆகஸ்டில்தான் தோல் கழிவு பாலாற்றை நாசமாக்கிய வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிசம்பரில், சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரே வருடத்தில் ஆற்றுக்கும் பிள்ளைகளுக்கும் தீர்ப்பு வந்தது.

அந்தக் காலகட்டத்தில் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தார். பீடித் தொழிலில் கொத்தடிமையாக இருந்த பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். மீட்பதைவிடக் கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது: மீட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பதினோரு வயசுப் பையன். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனா ஒரு கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு, இன்னைக்கு எத்தனை குறையுதுன்னு மனக்கணக்குலயே சொல்லிடுவான். அவனை ஒண்ணாவதுல ஆறு வயசுப் பிள்ளைகளோட உட்கார வச்சா அவமானம். ஆறாவதுல உட்கார வச்சா ஒரு எழுத்தும் புரியாது. ரெண்டு இடத்துலயும் அவன் செய்யப்போறது ஒண்ணுதான்: வம்பு பண்ணுவான், இல்லைன்னா ஓடிப்போவான். அதுக்கு நாம வைக்கிற பேர் ‘ஒழுக்கமில்லாதவன்’. பிரம்பை எடுத்தா, முதலாளி அடிச்ச அதே அடிதான். இதுக்கு அங்கேயே இருந்திருக்கலாமேன்னுதான் தோணும்.

பதில் தேடினவங்களுக்குப் பக்கத்துலயே ஒரு முன்மாதிரி இருந்தது. சித்தூரைத் தாண்டி மதனப்பள்ளிப் பக்கம், சில மணி நேரப் பயணத்தில் ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம்தான். ஆனால் அதைச் சுற்றியிருந்த கிராமங்களுக்காக ராமா, பத்மநாப ராவ் தம்பதி ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள். புத்தகத்துக்குப் பதிலாக அட்டைகள். வகுப்பு என்பதற்குப் பதிலாக ஏணி.

இந்த எண்ணம்தான் பிறகு தமிழ்நாட்டில் ‘செயல்வழிக் கற்றல்’ ஆனது. 2003-ல் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-ல் மாநிலத்தின் 37,000-க்கும் அதிகமான அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு, முதல் நான்கு வகுப்புகளுக்கு, அது போனது.

அந்த வகுப்பறை எப்படி இருக்கும்? சித்தி சொன்னதை வச்சு விளக்குறேன். அவங்க அந்தப் பயிற்சியில இருந்தவங்க. பெஞ்சு கிடையாது, பாய். ஆசிரியரும் தரையில். சுவரில் பிள்ளை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகளின் படங்கள் தொங்கும். பாடம் முழுவதும் சின்னச் சின்னப் படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு சின்னம். பிள்ளை ஏணிப்படியைப் பார்க்கும், தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும், தன் அட்டையைத் தானே எடுக்கும்.

அட்டையைப் பொறுத்து ஆறு குழுக்கள். ஆசிரியர் முழுசாகத் துணை நிற்கும் குழு, பாதித் துணை நிற்கும் குழு, தெரிந்த பிள்ளை சொல்லித் தரும் குழு, அதிலும் பாதித் துணை, தனியாகச் செய்யும் குழு, கடைசியாக மதிப்பீட்டுக் குழு. நம்ம சட்டாம்பிள்ளை மூணாவது, நாலாவது குழுவுல திரும்ப வந்துட்டார், பாருங்க. இந்த முறை கையில பிரம்பு இல்லாம.

கேம் விளையாடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். போன வாரம் எந்த லெவல்ல விட்டீங்களோ அங்கிருந்துதான் தொடங்குவீங்க. வழக்கமான வகுப்புல பத்து நாள் லீவு போட்டுத் திரும்பி வர்ற பையன் எதுவும் புரியாம முழிப்பான். இங்க அவனோட அட்டை அவனுக்காக அதே இடத்துல காத்திருக்கும். பீடிக் கணக்கு முடிக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும்னு அடிக்கடி லீவு போடுற பிள்ளைகள் நிறைஞ்ச எங்க ஊருக்கு இதைவிடப் பெரிய சலுகை என்ன இருக்கு?

ஒழுங்குப் பிரச்சினையிலும் இதோட வேலை அங்கதான். நான் பார்த்த வரைக்கும் வகுப்புல வம்பு மூணு காரணத்தால வருது. ஒண்ணு, புரியலை. ரெண்டு, புரிஞ்சிடுச்சு, மத்தவங்களுக்காகச் சும்மா காத்திருக்கணும். மூணு, எல்லார் முன்னாடியும் மானம் போயிடுச்சு. ஆளுக்கு ஒரு படி, கையில ஒரு வேலை, தப்புப் பண்ணா ஊருக்கே தெரியாதுங்கிற நிலைமை வந்தா, இந்த மூணுமே குறையும். பையன் திருந்தினானான்னு கேட்காம, அவன் வம்பு பண்ண வேண்டிய அவசியத்தைக் குறைச்சிருக்காங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த நண்பனைப் பார்த்தேன். ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். டீ குடிச்சிக்கிட்டே கேட்டுட்டேன், “உன் பேரை எவ்வளவு தடவை எழுதியிருப்பேன், கோவம் இல்லியா?” சிரிச்சான். “எனக்கு ஒண்ணுமே புரியலடா. அதான் பேசிக்கினு இருந்தேன்.” ஏழாவதுல யாராவது ஒருத்தர் இதை அவன்கிட்ட கேட்டிருந்தா? நானே கேட்டிருக்கலாம். பக்கத்துலதான இருந்தேன்.

இதோட முடிச்சா நல்ல கதையா இருக்கும். ஆனா நிஜம் கொஞ்சம் சிக்கலானது.

13 பள்ளிகளில் வளர்ந்த ஒரு விஷயத்தை 37,000 பள்ளிகளுக்குக் கொண்டு போகும்போது, எங்க மொழியில சொன்னா, ஸ்கேலிங் பிரச்சினை வரும். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, மாற்று அட்டை சரியாக வரவில்லை. பயிற்சியில் பாதி புரிந்த ஆசிரியர்கள், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அட்டையை எடுத்தார்கள். “பிள்ளைங்க விளையாடுது, வீட்டுப்பாடமே இல்லை”ன்னு பெற்றோர் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். சித்தியோட வருத்தம் வேற: “மேலருந்து உத்தரவா வந்துச்சு. பசங்களை அவனவன் வேகத்துல போக விடுன்னாங்க. எங்களை மட்டும் ஒரே நாள்ல மாறச் சொன்னாங்க.” இந்த ஒரு வரியில ஒரு பெரிய கல்விச் சீர்திருத்தத்தோட பலவீனம் இருக்கு. ஆசிரியருக்கும் ஏணி வேணும்.

ஆனால் எண்ணம் சாகவில்லை. கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். பேர் வேறு, வயதைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார் என்ற அடிப்படை அதேதான்.

இப்ப சித்தியோட பையனுக்கு வருவோம்.

நான் இந்தக் கதையெல்லாம் சொன்னப்போ சித்தி, “இதெல்லாம் எனக்கே தெரியுமேடா, மறந்துட்டேன்”னு சொன்னாங்க. மறுநாள் அந்தப் பையனைத் தனியா கூப்பிட்டு, திட்டாம, ரெண்டாவது வகுப்புப் பாடம் ஒண்ணு படிக்கச் சொல்லியிருக்காங்க. திக்கித் திக்கிப் பாதி படிச்சான். அஞ்சாவதுல உட்கார்ந்திருந்தது ஒரு ரெண்டாவது பையன். லேட்டா வர்றதுக்கும் காரணம் தெரிஞ்சது. அம்மா ஷூ கம்பெனிக்கு விடியக்காலைல கிளம்பிடுவாங்க. தங்கச்சியைத் தயார் பண்ணி அங்கன்வாடியில விட்டுட்டுத்தான் இவன் வரணும். பத்து வயசுப் பையன் ஒரு குடும்பத்தையே காலைல நடத்திட்டு வந்து, லேட்டா வந்ததுக்காக வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கான்.

சித்தி பீரோவுல கிடந்த பழைய அட்டைகளைத் தூசு தட்டி எடுத்தாங்க. அவனை ரெண்டாவதுக்கு இறக்கலை. “சின்னப் பசங்களுக்குக் கதை படிச்சிக் காட்ட ஆள் வேணும், நீ வரியா?”ன்னு கேட்டிருக்காங்க. நாளைக்குப் படிச்சிக் காட்ட வேண்டியதை இன்னைக்குச் சாயங்காலம் பதினஞ்சு நிமிஷம் சித்தியோட உட்கார்ந்து பழகணும். அவ்ளோதான். அவன் படிக்கிறது ரெண்டாவது பாடம். ஆனா பார்க்கிறவங்களுக்கு அவன் சொல்லித் தர்றவன்.

மாயமெல்லாம் நடக்கலை. போன வாரம் கேட்டேன். இன்னும் லேட்டாத்தான் வரானாம். கிள்றது குறைஞ்சிருக்கு, நிக்கலை. வாரத்துல ரெண்டு நாள் வராமலும் போறான். ஆனா திரும்பி வரும்போது முதல்ல அட்டையைத்தான் தேடுறானாம்.

கேட்டுக்கிட்டு இருக்கிற ஆசிரியர்களுக்கு நான் யோசனை சொல்ல வரலை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. பேர் எழுதின ஒரு லீடரா மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பையன் வம்பு பண்ணா, “ஏன்டா பேசின?”ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி “எது வரைக்கும் புரிஞ்சது?”ன்னு கேட்டுப் பாருங்க. உங்க பிள்ளையையோ தம்பியையோ பள்ளியில விடப் போறவங்களுக்கும் ஒண்ணு. அந்தத் தோல் வசனத்தைச் சொல்லாதீங்க. தோல் விஷயத்துல எங்க ஊர் சொன்னா நம்பலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.